எல் அண்ட் டி பெயர் மாறியதற்காக போர்டையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: 2014-இல் கட்டிய எங்கள் வீட்டில் எல் அண்ட் டி எம்.சி.பி.கள்தான் (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்சுகள்). ஒன்று பழுதாகிவிட்டது. "அந்தக் கம்பெனியை மூடிட்டாங்க, இனி பொருள் கிடைக்காது, போர்டையே மாத்தணும்" என்கிறார் எலக்ட்ரீசியன். உண்மையா? - மதுரை வாசகி

பதில்: உண்மை இல்லை, அம்மா. பழுதானதை மட்டும் மாற்றுங்கள், போதும்.

எல் அண்ட் டி அப்படியே இருக்கிறது. மின்சாதனப் பிரிவை மட்டும் பிரான்ஸின் ஷ்னைடர் எலக்ட்ரிக்குக்கு 14,000 கோடி ரூபாய்க்கு விற்றது. 2018-இல் அறிவித்த விற்பனை 2020 ஆகஸ்டில்தான் முடிந்தது. அப்புறமும் பழைய பெயரிலேயே சரக்கு வந்துகொண்டிருந்தது. 2024-இல்தான் 'லாரிட்ஸ் நுட்சன்' ஆனது. அது ஒரு பழைய டென்மார்க் கம்பெனியின் பெயர். எல் அண்ட் டி-யைத் தொடங்கிய லார்சனும் டூப்ரோவும் டென்மார்க்காரர்கள்தான். ஆக, கடையில் லாரிட்ஸ் நுட்சன் என்று கேளுங்கள்.

கம்பெனிகள் கைமாறும்போது டீலருக்குக் கடிதம் போகிறது, காண்ட்ராக்டருக்கு விருந்து நடக்கிறது. வீட்டுக்காரருக்கு ஒரு வரி சொல்ல ஆளில்லை. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். தெரியாதவரிடம் முழு போர்டை விற்றால் கமிஷனும் முழுசாக வருகிறது.

"பழைய பெயர் போட்ட ஸ்டாக் இருக்கு, பாதி விலை" என்று யாராவது சொன்னால் வாங்கவே வாங்காதீர்கள். போன மாதம் என்னிடம் வந்த ஒன்றில் நகத்தால் சுரண்டியதும் எழுத்து உரிந்து வந்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் லைசென்ஸ் எண்ணை அரசின் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுப் பாருங்கள், யாருடைய லைசென்ஸ் என்று காட்டும்.

பழையதன் முகப்பில் 'சி16' (16 ஆம்பியர், சி வகை) என்றும், கட்டத்துக்குள் '10000' (ஷார்ட் சர்க்யூட்டில் தாங்கித் துண்டிக்கும் ஆம்பியர்) என்றும் இருந்தால், புதியதிலும் அதே இருக்க வேண்டும். அடிக்கடி டிரிப் ஆகிறதே என்று 32 ஆம்பியர் போட விடாதீர்கள். அது விழுவதற்கு முன்னால் சுவருக்குள் ஒயர் கருகிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் எலக்ட்ரீசியன் சொல்வதில் நியாயம் இருக்கலாம். எம்.சி.பி. உட்காரும் 35 மி.மீ. தண்டவாளம் எல்லா பிராண்டுக்கும் பொது. ஆனால் எல்லா எம்.சி.பி.க்கும் மின்சாரம் கொடுக்க, கீழே வரிசையாகச் செருகியிருக்கும் செம்புச் சீப்பு அப்படியில்லை. அதன் பல் நுழையும் எம்.சி.பி. துளையின் உயரம் பிராண்டுக்கு பிராண்டு மாறும். வேறு பிராண்டை வாங்கிவந்து, சீப்பின் பல்லை வளைத்துச் செருகுவார்கள். பிடிப்பு தளரும், சூடேறும், பிளாஸ்டிக் கருகும். அதனால்தான் அதே தயாரிப்பைக் கேட்டு வாங்கச் சொல்கிறேன். மெயினை அணைத்துவிட்டு அவர் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். சீப்பின் பல் ஏற்கெனவே கறுத்து உருகியிருந்தால், அப்போது மட்டும் போர்டை மாற்றச் சம்மதியுங்கள்.