நாலு பெயர், ஒரே ரயில்: பழைய பட டிஸ்க் வாங்குவோருக்கு

கேள்வி: 'தி மெர்சனரீஸ்' என்று அறுபதுகளில் வந்த ஒரு படம். காங்கோவில் ரயிலில் போகும் கூலிப்படைக் கதை. அப்பா இளவயதில் பார்த்தது. அதில் வரும் ரம்பச் சண்டையைப் பற்றி இன்னும் பேசுவார். பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம் என்று ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். வந்ததோ 2014-ல் எடுத்த வேறு படம், அட்டையில் துப்பாக்கியோடு பெண்கள் அணி. கடைக்காரர் 'நீங்கள் கேட்ட பெயரைத்தானே அனுப்பினோம்' என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதலில் படத்தைப் பிடித்துவிடுவோம். உங்கள் அப்பா பார்த்தது 1968-ல் வந்தது. ஜாக் கார்டிஃப் இயக்கம், ராட் டெய்லர், ஜிம் பிரவுன், இவெட் மிமியூ, கென்னத் மோர் நடிப்பு. பிரிட்டனில்தான் அதற்கு 'தி மெர்சனரீஸ்' என்று பெயர். அமெரிக்காவில் 'டார்க் ஆஃப் தி சன்'. ஜெர்மனியில் வெறும் 'கட்டாங்கா', அது காங்கோவின் ஒரு மாகாணம். பிரெஞ்சுக்காரர்கள் 'கட்டாங்காவின் கடைசி ரயில்' என்று பொருள்படும்படி வைத்தார்கள். நாலு பெயரில் அதுதான் கதைக்கு ஒட்டிய பெயர் என்பது என் கட்சி. டிஸ்க் அமெரிக்காவிலிருந்து வருவதால் அட்டையில் 'டார்க் ஆஃப் தி சன்' என்றே இருக்கும். அதனால் பழைய படம் தேடும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள். வருடம், இயக்குநர், ஓடும் நேரம் மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

இனி பணம். நீங்கள் ஆர்டர் போட்ட பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே 1968 என்றோ ராட் டெய்லர் என்றோ போட்டிருந்தால் வழக்கு உங்கள் பக்கம். விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. 2020-ன் இ-காமர்ஸ் நுகர்வோர் விதிகள் அதை நேராகவே சொல்கின்றன. தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் 2014 என்று தெளிவாகப் போட்டிருந்து நீங்கள்தான் கவனிக்கவில்லை என்றால், அந்தக் கடையின் வழக்கமான ரிட்டர்ன் நாட்களுக்குள் அனுப்பிவிடுவதுதான் வழி. எதற்கும் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விளம்பரப் பக்கம் ராத்திரியோடு ராத்திரியாக மாறிய கதை எனக்கே நடந்திருக்கிறது.

கேள்வி: இதே படத்துக்கு டிவிடியும் புளூ-ரேயும் இருக்கின்றன. செகண்ட் ஹேண்ட் டிவிடி மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அடிப்பக்கம் ஊதா நிறமாக இருக்கிறதே, திருட்டுப் பிரதியா?

பதில்: ஊதா என்றால் ஆலையில் அச்சில் அடித்த டிஸ்க் இல்லை, வெற்று டிஸ்க்கில் லேசரால் எழுதிய டிஸ்க். மற்ற படமென்றால் நானே 'ஓடிவிடுங்கள்' என்பேன். இங்கே ஒரு சிக்கல்: 2011-ல் வார்னர் ஆர்க்கைவ் இந்தப் படத்தை வெளியிட்டதே அப்படித்தான். அவ்வளவாக விலைபோகாத பழைய படங்களை ஆர்டர் வர வர ஒவ்வொன்றாக எழுதிக் கொடுக்கும் திட்டம் அது. ஆகவே ஊதாவாக இருப்பதாலேயே போலி என்று சொல்லிவிட முடியாது. அட்டையின் அச்சும் டிஸ்க்கின் மேல்பக்க அச்சும் மங்கலில்லாமல் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஆனாலும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். எழுதிய டிஸ்க்கில் தகவல் நிற்பது ஒரு சாயப் பூச்சில். வெயில் படும் அலமாரியில் சில வருடம் கிடந்திருந்தால் முக்கால் படம் வரை நன்றாக ஓடிவிட்டு அப்புறம் சதுரம் சதுரமாக உடையும். சில பழைய பிளேயர்கள் அதைத் தொடவே தொடாது. 2018-ல் வந்த புளூ-ரே அச்சடித்தது, படமும் பல மடங்கு சுத்தம்.

ரீஜியன் கவலையும், அதாவது ஒரு நாட்டு டிஸ்க் இன்னொரு நாட்டு பிளேயரில் ஓடுமா என்ற கவலையும், இதில் இல்லை. புளூ-ரே கணக்கில் அமெரிக்காவும் சிங்கப்பூர், மலேசியாவும் ஏ, ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி, இந்தியா சி. இந்த டிஸ்க்குக்குப் பூட்டு கிடையாது, மூன்றிலும் ஓடும். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் டிஸ்க் விலையோடு தபால் கூலியையும் சுங்க வரியையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். மலிவு விலையில் மயங்கியவர்கள் கூரியர்காரர் வாசலில் நின்று பணம் கேட்கும்போதுதான் விழிப்பார்கள்.

கேள்வி: ஐரோப்பிய டிவிடி ஒன்றில் 96 நிமிடம் என்று போட்டிருக்கிறது. படம் 100 நிமிடம் என்கிறார்கள். சண்டையை வெட்டிவிட்டார்களா?

பதில்: அவசரப்படாதீர்கள். சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம்கள். ஐரோப்பாவின் பழைய டிவி முறைக்கு நொடிக்கு 25. ஆகவே அங்கே டிவிடி போடும்போது படத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். 100-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுங்கள், சரியாக 96. ஒரு காட்சிகூடப் போயிருக்க வேண்டியதில்லை. குரல்கள் மட்டும் இழையளவு மெலிந்து கேட்கும். புளூ-ரேயில் இந்தத் தொல்லை இல்லை. எண்பத்து சொச்சம் நிமிடம் என்று போட்டிருந்தால்தான் கத்தரியைச் சந்தேகிக்க வேண்டும்.

நீங்கள் பயப்பட வேண்டிய வெட்டு வேறு. இது அகலத்திரைப் படம். உயரம் ஒன்று என்றால் அகலம் இரண்டே கால் பங்குக்கு மேல். 'ஃபுல் ஸ்கிரீன்' என்று பெருமையாகப் போட்டு விற்கும் பழைய பிரதிகளில் பக்கவாட்டில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் போய்விடும். ரயிலே கதாநாயகனாக இருக்கும் படத்தில் பாதி ரயிலைப் பார்த்து என்ன செய்ய?

கேள்வி: ஜாக் பேலன்ஸ் நடித்த 'தி மெர்சனரி' இதன் இன்னொரு பதிப்பா?

பதில்: இல்லை. வருடம் மட்டும் ஒன்று, 1968. அது செர்ஜியோ கார்புச்சியின் இத்தாலிய-ஸ்பானியப் படம். மெக்சிகோ புரட்சி, ஃபிராங்கோ நீரோ, எனியோ மாரிகோனேயின் இசை. நல்ல படம்தான், வேறு கடை.

கேள்வி: இவ்வளவு செலவழித்து வாங்கும் அளவுக்குப் படத்தில் சரக்கு இருக்கிறதா?

பதில்: எனக்கு இருக்கிறது. கார்டிஃப் அடிப்படையில் ஒளிப்பதிவாளர், 'பிளாக் நார்சிசஸ்' படத்துக்கு ஆஸ்கார் வாங்கியவர். காங்கோ என்று நாம் பார்ப்பது உண்மையில் ஜமைக்கா. ஆனால் ரயில் நிஜம், புகையும் நிஜம். மூன்று நாளில் போய்ச் சுரங்க ஊரில் சிக்கியவர்களையும் ஐந்து கோடி டாலர் வைரங்களையும் மீட்டு வர வேண்டும். வைரம் இருக்கும் பெட்டகத்துக்கோ நேரப் பூட்டு. அது தானாகத் திறக்கும் வரை ரயில் நிலையத்திலேயே நிற்கிறது, கலகக்காரர்கள் நெருங்கி வருகிறார்கள். கடைசியில் ரயில் கிளம்பி மேட்டில் ஏறும்போது ஒரு குண்டு விழுந்து கடைசிப் பெட்டியின் இணைப்பு அறுகிறது. பெட்டி முதலில் தயங்குவதுபோல் நிற்கிறது, அப்புறம் ஆட்களோடு மெதுவாகப் பின்னால் உருளத் தொடங்குகிறது. அந்த மெதுவுக்காகவே நான் டிஸ்க் வாங்கினேன்.

குறையும் உண்டு. கூலிப்படையை வீரர்களாக்கிவிட்டு, காங்கோ மக்களைப் பெரும்பாலும் கூட்டமாகவே காட்டுகிறது. ஜிம் பிரவுனின் சார்ஜன்ட் ரஃபோதான் விதிவிலக்கு, அது தன் நாடு என்று பேசுபவர் அவர். நிஜத்தில் ஐ.நா. படையில் நம் ராணுவம் அங்கே போனபோது இப்படிப்பட்ட கூலிப்படையினர் காங்கோவிலிருந்து பிரிந்துநின்ற கட்டாங்காவுக்காக எதிர்ப்பக்கம் இருந்தார்கள். கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா 1961 டிசம்பர் 5 அன்று கட்டாங்காவின் தலைநகர் எலிசபெத்வில்லில் உயிர்விட்டுப் பரம்வீர் சக்ரா பெற்றார். அதைத் தெரிந்துகொண்டு படம் பார்ப்பவருக்கு ராட் டெய்லருக்குக் கைதட்டக் கை கொஞ்சம் தயங்கும்.

பிறந்தநாள் பரிசு என்று எழுதிய முதல் வாசகிக்கு ஒரு வார்த்தை: கேக் வெட்டும்போது பேரப்பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துப் போட்டுவிடாதீர்கள். அந்த ரம்பம் விளையாட்டு ரம்பம் இல்லை.