முதல் சாகசத்துக்கு எத்தனை காப்ளின்?

அன்புள்ள ஐயா,

மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். விடுதி நண்பர்கள் நால்வருக்கு, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்தத் தொடங்கியிருக்கிறேன். 2014 விதிகள், எல்லோரும் முதல் லெவல். காட்டுவழியில் காப்ளின் என்ற குட்டிப் பூதங்கள் ஆறைப் பதுங்கவைத்துத் தாக்கினேன். மூன்றாவது சுற்றில் மந்திரவாதியான விஸார்ட் செத்துப்போனான். மற்றவர்கள் தப்பி ஒரு பாழடைந்த கோட்டைக்குப் போனார்கள். அங்கே ரகசியக் கதவு யாருக்கும் அகப்படவில்லை. முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். விஸார்டாக ஆடியவன் அடுத்த வாரம் வருவானா தெரியவில்லை. நம் டெல்டாவை வைத்தே ஒரு தொடக்கச் சாகசம் எழுத ஆசை. எப்படி அமைப்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் கணக்கு. எதிரியின் பலத்தை அளக்கும் புள்ளிதான் எக்ஸ்பி. காப்ளின் ஒன்றுக்கு 50 எக்ஸ்பி, ஆறுக்கு 300. எதிரிகள் மூன்று முதல் ஆறு வரை இருந்தால் இரண்டால் பெருக்க வேண்டும்: 600. முதல் லெவல் ஆள் ஒருவருக்கு உயிராபத்து எல்லை 100, நால்வருக்கு 400. நீங்கள் வைத்தது அதைப்போல் ஒன்றரை மடங்கு. போதாததற்குப் பதுங்கல் வேறு. அசந்திருந்தவர்களுக்கு முதல் சுற்றில் எதுவும் செய்ய முடியாது. கவசமில்லாத விஸார்டின் ஏசி, அதாவது அடி படுவதற்கு எட்ட வேண்டிய எண், 12 என்றால், உருட்டலோடு 4 கூட்டிக்கொள்ளும் காப்ளினுக்கு இருபது முகப் பகடையில் 8 விழுந்தாலே அம்பு தைக்கும். இருபதுக்குப் பதின்மூன்று வாய்ப்பு. அம்புக்குச் சராசரி ஐந்தரைப் புள்ளி சேதம். அவனிடம் இருப்பது ஏழோ எட்டோ ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப்புள்ளி. இரண்டு அம்பில் சாய்ந்துவிடுவான். சாய்ந்து கிடப்பவனைப் பக்கத்தில் நின்று ஒரு வெட்டு வெட்டினாலே, பிழைப்பானா என்று உருட்டும் மரணப் பகடையில் இரண்டு தோல்வி. மூன்றாவது வந்தால் முடிந்தது. உங்கள் நண்பர் மோசமாக ஆடவில்லை என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டு காப்ளின் என்றால் பெருக்கல் ஒன்றரை, மொத்தம் 150. நால்வருக்கு இது எளிது. மூன்று என்றால் 300. கடினம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. முதல் சண்டைக்கு இரண்டு போதும், பதுங்கல் வேண்டாம். ஒன்று விழுந்ததும் மற்றது ஓட வேண்டும், அதுவும் அடுத்த இடம் இருக்கும் திசையில். துரத்துபவர்களுக்கு வழி தானாகத் தெரிந்துவிடும்.

ரகசியக் கதவு விஷயம் வேறு. தாயக்கட்டையில் தாயம் விழாமல் காய் இறங்காது. அங்கே அது சுவை, அடுத்தவர் உருட்டிக்கொண்டிருப்பார். இங்கே கதவைக் கண்டுபிடிக்கும் ஒரே உருட்டலில் கதை முழுவதையும் தொங்கவிட்டால், தவறியதும் மேசையே நின்றுபோகும். கதை நகர அவசியமான எதையும் பகடைக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள். கதவு எப்படியும் அகப்படும். சத்தமில்லாமலா, உள்ளே இருப்பவர்கள் விழித்துக்கொள்ளும்படியா என்பதைப் பகடை சொல்லட்டும். முக்கியமான உண்மை ஒவ்வொன்றுக்கும் மூன்று தடயம் வையுங்கள். இரண்டைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோவார்கள்.

இனி டெல்டா. மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்தாலும், கல்லணையில் பிரிந்து வாய்க்கால் வாய்க்காலாக இறங்கிக் கடைமடைக்குத் தண்ணீர் வர நாளாகும். அந்தக் காத்திருப்பையே சாகசத்தின் கடிகாரமாக வைத்துக்கொள்ளுங்கள். கற்பனை ஊர் ஒன்று. அதற்கான தண்ணீர் முறை மூன்றாம் நாள் மாலையோடு முடிகிறது. வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை, நாற்றங்கால் வெடிக்கிறது. நால்வரும் அந்த ஊர்க்காரர்கள். சத்திரத்தில் முன்பின் தெரியாதவர்களாகச் சந்திக்க வைத்தால், ஏன் சேர்ந்து போகிறோம் என்று பேசியே ஒரு மணி நேரம் ஓடிவிடும். தொடக்க வர்ணனை மூன்று வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். ராஜ்ஜிய வரலாறு எழுதி வைத்திருந்தால் ஐந்தாம் லெவலுக்கு எடுத்து வையுங்கள்.

மதகின் ஷட்டரைக் காப்ளின்கள் இறக்கி ஆப்பு அடித்திருக்கின்றன. காரணம் இருக்க வேண்டும்: அவை கரையில் வளை தோண்டிக் குஞ்சு குட்டிகளோடு குடியிருக்கின்றன, தண்ணீர் வந்தால் முழுகிவிடும். இந்தக் காரணம் ஒன்றே மூன்று வழிகளைத் திறக்கிறது. அடித்து விரட்டலாம். பக்கத்துத் திடலில் இடம் கொடுத்துப் பேசி முடிக்கலாம். இரவில் ஆப்பைத் தட்டிவிட்டுத் தண்ணீரை விடலாம்; அதன் பாவத்தையும் அவர்களே சுமப்பார்கள். எது சரி என்று ஆட்டம் நடத்தும் டிஎம் முகத்தில் தெரியக்கூடாது. தோற்றாலும் ஆட்டம் நிற்காது: முறை தவறிப்போகும், அடுத்த வாரம் மேல்மடை ஊரோடு தகராறு.

தடயங்களுக்கு வயலே போதும். கரையில் ஈரம் காயாத புது மண் குவியல். வளை வாயில் நெல் உமி. மூன்றாவது, கிட்டி. மூங்கிலை வில்லாக வளைத்து இரை வைத்த நம் எலிக் கிட்டி உங்கள் நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். வரப்பில் வைத்தது காணாமல்போய், மதகுப் படியில் கணுக்கால் உயரத்தில் கட்டியிருக்கிறது. முதல் கிட்டியில் செத்த எலி ஒன்று கிடக்கட்டும். பொறி என்றால் என்னவென்று யாருக்கும் அடிபடாமலே புரிந்துவிடும். இரண்டாவதில் மாட்டினால் ஒரு நான்முகப் பகடை சேதம், அதற்கு மேல் வேண்டாம்.

கடைசி இடத்துக்கு, பாபநாசம் பக்கம் திருப்பாலைத்துறையில் நிற்கும் பழைய வட்டமான நெற்களஞ்சியத்தைப் போல ஒன்றை வரையுங்கள். ஒரே வட்ட அறை, கீழே கதவு, மேலே நெல் கொட்டும் வாய். வரைபடம் அவ்வளவுதான். மூன்று காப்ளின் உள்ளே இருக்கலாம். நால்வரும் முழு ஹிட் பாயிண்டோடு வந்தால் மட்டும்.

விலங்குகளில் கவனம். வளைக்குள் பாம்பு வைக்கத் தோன்றும். விஷப்பாம்புக்கு ஹிட் பாயிண்ட் இரண்டுதான். ஆனால் கடித்து, விஷத்தை எதிர்க்கும் உருட்டலில் 10 எட்டாவிட்டால் ஒரே கடியில் ஒன்பது வரை போகலாம், விஸார்டுக்கு அது முழு ஆயுள். ஒன்று போதும், அதுவும் முதலில் சட்டையைக் காட்டிவிட்டு. கொள்ளிடத்தில் முதலை உண்டு என்று அதையும் இறக்கிவிடாதீர்கள். எக்ஸ்பி கணக்கில் அது வெறும் 100, நால்வருக்கு எளிது என்றே வரும். அதன் வாயில் அகப்பட்டவனுக்கோ ஒரு கடி 12 வரை, அதோடு பிடியும் விடாது. மணல்திட்டில் வெயில் காயட்டும், அதைப் பார்த்துச் சுற்றிப் போகட்டும்.

செத்த விஸார்டுக்கு வருவோம். கைக்கெட்டும் தூரத்தில் ஆயுதத்தால் அடித்து வீழ்த்தும்போது கொல்லாமல் மயக்கமடையச் செய்ய விதியிலேயே இடம் இருக்கிறது. கடைசி அடி அப்படி விழுந்தது என்று மாற்றிக்கொள்ளுங்கள். மதகுக்காரரின் முறைக் கணக்கு நோட்டைக் காப்ளின்கள் திருடி வைத்திருக்கின்றன, அவற்றுக்கு எழுத்து தெரியாது, தண்ணீர் என்றைக்கு வரும் என்று படித்துச் சொல்ல ஆள் தேவை. அவனைக் களஞ்சியத்துக்குள் கட்டிப்போட்டிருக்கின்றன. அடுத்த செஷனை அவனிடமிருந்தே தொடங்குங்கள்: எதிரே நோட்டுப் புத்தகம், கேட்டுக்கொண்டு இரண்டு காப்ளின், மீட்க வருபவர்கள் மூவர்தானே. அவை எந்த நாளை நம்ப வேண்டும் என்பதை உங்கள் நண்பர் சொல்லட்டும்.