படுக்கப் போட்ட பேஸ் டிரம்

கேள்வி: ராக் பேண்டில் பாட்டும் கிட்டாரும்தானே முக்கியம்? டிரம்மர் கொஞ்சம் வித்தியாசமாக வாசிப்பதால் மட்டும் ஒரு குழுவின் ஒலியே மாறிவிடுமா?
- வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: மாறும். நியூயார்க்கின் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவில் வாசித்த மோ டக்கர் என்ற பெண்ணைக் கேளுங்கள். 1965 கடைசியில், காசு வாங்கிக்கொண்டு வாசிப்பதா என்று பழைய டிரம்மர் கோபித்துக்கொண்டு விலகிவிட (இப்படியும் ஒரு காரணம்!), அந்த இடத்துக்கு வந்தவர் இவர். உட்கார்ந்து வாசிக்க மாட்டார். வழக்கமாகக் காலால் பெடலை மிதித்து அடிக்கிற பெரிய பேஸ் டிரம்மைப் படுக்கப் போட்டு, பெடல் எதுவும் இல்லாமல், நின்றபடியே உருண்டைத் தலைக் குச்சியால் தொம் தொம்மென்று அடிப்பார், சிம்பல் என்கிற உலோகத் தட்டின் பக்கம் கை போவதே அபூர்வம்.

இந்தச் சிம்பல் விஷயம்தான் முக்கியம். சிம்பலைத் தட்டினால் ஒரு 'ஷ்ஷ்' பரவி மேல் சுருதிகளையெல்லாம் மூடிவிடும். இந்தக் குழுவிலோ ஜான் கேல், வயலின் மாதிரியான வயோலாவில் கிட்டார் தந்தியைப் போட்டு ஒரே சுருதியை ரம்பம் மாதிரி இழுத்துக்கொண்டே இருப்பார், பக்கத்தில் பாடகர் லூ ரீடின் கிட்டார் வேறு கீச்சிடும். அதற்கு மேல் சிம்பலும் சேர்ந்திருந்தால் வெறும் கூச்சல்தான் மிஞ்சியிருக்கும். டக்கர் கீழ்ச் சுருதியில் மட்டும் நின்றதால் மேலே அவர்களுக்கு இடம் கிடைத்தது.

1967-ல் வந்த முதல் ஆல்பத்தில் 'ஹெராயின்' என்று ஏழு நிமிடப் பாட்டு ஒன்று இருக்கிறது. இரண்டே கார்டுதான் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு). நிதானமாகத் தொடங்கி, ரீடின் குரல் வேகமெடுக்கும்போது டிரம்மும் கூடவே ஓடி, அவர் தணிந்தால் தானும் தணியும், ஒழுங்காக எண்ணி வாசிக்கிற ஒருவர் இதைக் கெடுத்திருப்பார் என்பது என் கட்சி. ஐந்து நிமிடம் தாண்டியதும் டிரம் சட்டென்று நின்றுவிடும். திட்டம் போட்டெல்லாம் இல்லை, இரைச்சலில் மற்றவர்கள் வாசிப்பது காதில் விழாததால் நிறுத்திவிட்டாராம்! அதை அப்படியே ரெக்கார்டில் விட்டுவிட்டார்கள், பாட்டிலேயே பயமான இடம் எனக்கு அதுதான்.

1970-ல் வந்த 'லோடட்' ஆல்பத்தில் டக்கர் இல்லை, அப்போது கர்ப்பமாக இருந்தார். கேலும் அதற்கு முன்பே போய்விட்டார், அதனால் பழியெல்லாம் டிரம் மேல் போட முடியாதுதான். ஆனாலும் முதல் ஆல்பத்தையும் இதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். 'லோடட்' பாட்டுகள் அருமை, ஆனால் டிரம்மை மட்டும் கவனித்தால் அன்றைய எந்த பேண்டிலும் கேட்கக்கூடிய வாசிப்புதான் அது.