பாதி நாக்கை எடுத்தால் அப்பா சொற்கட்டு சொல்வாரா?

கேள்வி: திருவாரூர் பக்கம் எங்கள் ஊர். அப்பா தவில் வித்வான், வயது 56. இடது பக்க நாக்கில் ஆறாத புண். சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. பாதி நாக்கை எடுத்துவிட்டுக் கையிலிருந்து தோல் வைக்க வேண்டுமாம். "பேச்சு போனால் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் சொல்வேன்? தை மாதக் கல்யாணங்கள் முடியட்டும்" என்கிறார் அப்பா. பேச்சு திரும்புமா?

பதில்: தை வரை தள்ளவே தள்ளாதீர்கள். இன்றைக்குப் பாதி நாக்கு மிஞ்சும். கட்டி நடுக்கோட்டைத் தாண்டிவிட்டால் அந்தப் பாதியும் கைவிட்டுப் போகும். அவர் பயப்படும் பேச்சுக்கே தாமதம்தான் பெரிய எதிரி.

குரல் பிறப்பது தொண்டையில், குரல்வளையில். அதை யாரும் தொடப்போவதில்லை. ஆபரேஷன் முடிந்து சில நாள் மூச்சுக்காகக் கழுத்தில் குழாய் இருக்கலாம், அப்போது சத்தம் வராது, எழுதித்தான் காட்டுவார். இதை முன்பே யாரும் சொல்லாததால் ஐசியூ வாசலில் நின்று அழுத குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். குழாயை எடுத்து அந்தத் துளை மூடியதும் குரல் வந்துவிடும்.

சிரமம் உச்சரிப்பில்தான். தவில் அடிகளை வாயால் சொல்லும் சொற்கட்டில் 'தகதிமி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். 'மி' உதட்டில் பிறப்பது, அதற்குப் பெரிய குறை வராது. 'க' அடிநாக்கில் வருவது, அடிநாக்கு மிஞ்சினால் அதுவும் பெரும்பாலும் தப்பும். 'த', 'தி' வர நுனி பல்லைத் தொட வேண்டும். 'தரிகிட' இன்னும் கஷ்டம், அதில் நுனி மேலே எழும்பி வளைய வேண்டும். ழ, ள, ண எல்லாம் அப்படித்தான்.

வைக்கும் தோல் தானாக அசையாது. அசைவதெல்லாம் மிச்சமிருக்கும் நாக்குதான். அது வாயின் அடியோடு ஒட்டி இழுபடாமல் அண்ணம் வரை எழும்ப வழிவிடுவதே ஒட்டின் வேலை. முன்கைத் தோல் மெல்லியது, நன்றாக மடங்கும். அதை ரத்தக் குழாயோடு எடுத்து, கழுத்து ரத்தக் குழாயில் மைக்ராஸ்கோப் வைத்து இணைப்பார்கள்.

ஆனால் வழக்கமாக அதிகம் புழங்காத கையில்தான் எடுப்போம். வலது கை விரல்களில் கூடும் இடது கையில் குச்சியுமாக வாசிப்பவருக்கு அப்படி ஒரு கை ஏது? எடுத்த இடத்தில் மணிக்கட்டு விறைப்பும் மரத்துப்போவதும் சில காலம் இருக்கலாம். தொடையிலிருந்தும் எடுக்கலாம், ஒல்லியான உடம்பு என்றால் நன்றாகவே பொருந்தும். அவர் தவில் வாசிப்பவர் என்பதை சர்ஜனிடம் வாய்விட்டுச் சொல்லி, இதைக் கேளுங்கள்.

அப்புறம் பயிற்சி. முதலில் விழுங்கப் பழக வேண்டும், அதுவரை மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. புண் ஆறியதும் கண்ணாடி முன் உட்கார்ந்து, தினமும் பல தடவை, கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சுப் பயிற்சி. நாகப்பட்டினத்தில் மீன் விற்கும் ஓர் அம்மாவுக்கு 'வாளை' என்ற சொல் 'வாயை' என்றுதான் வந்தது. சில மாதங்களில் தெருவில் கூவி விற்க ஆரம்பித்துவிட்டார். 'ள' இன்னும் முழுசாக வரவில்லை, வாங்குகிறவர்களுக்குப் புரிகிறது. ரேடியேஷன் தேவைப்பட்டால் வாய் காயும், நாக்கு விறைக்கும். அந்த வாரங்களிலும் முடிந்த அளவு பயிற்சியை விடக்கூடாது. நாக்கு எட்டாவிட்டால், அண்ணத்தைத் தாழ்த்திக் கொடுக்கும் தகடு ஒன்றைப் பல் டாக்டர் செய்து தருவார்.

கச்சேரிக்கு முன் போடும் வெற்றிலையும் சீவலும் புகையிலையும் இன்றோடு நிற்க வேண்டும். புகையிலை இல்லாவிட்டாலும் சீவல் புற்றுநோய் தரும்.

ஆபரேஷனுக்கு முன் ஒரு நாள் அப்பாவை உட்கார வைத்து, அவர் பாடம் சொல்வதை போனில் முழுசாகப் பதிவு செய்யுங்கள். பேச்சுப் பயிற்சி தருபவருக்கு அதுதான் அளவுகோல். முதல் நாளே அவரிடம் போட்டுக் காட்டுங்கள்.