அத்தைக்கு ஒரு ஊசிப் புத்தகம்

அன்புள்ள அக்கா,

என் அத்தை முப்பது வருடமாக வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். என் காலேஜ் ஃபீஸில் பாதி அந்த மெஷினில் இருந்துதான் வந்தது. போன மாதம் கண்புரை ஆபரேஷன் முடிந்தது, புதுக் கண்ணாடி வந்ததும் மறுபடி தைக்க உட்காரப் போகிறார். அதற்குள் என் கையாலேயே தைத்து ஏதாவது கொடுக்க ஆசை. தக்காளி மாதிரி உருண்டையாக ஒரு ஊசி மெத்தை, வெல்வெட்டில் கல் ஒட்டி, என்று நினைத்திருக்கிறேன். உள்ளே இலவம் பஞ்சு அடைத்தால் போதுமா? எனக்கு ஓட்டுத் தையலும் எம்மிங்கும் தவிர ஒன்றும் தெரியாது, அதுவும் கோணும். தையல்காரிக்கே போய் அதைக் கொடுப்பது அபத்தமா? ஊசியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்று அம்மா வேறு பயமுறுத்துகிறார்.

பி., கும்பகோணம்

அன்புள்ள பி.,

அம்மாவின் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். ஊசியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, விளக்கு வைத்த பிறகு ஊசியும் உப்பும் வீட்டை விட்டுப் போகக் கூடாது, சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது, எங்கள் வீட்டிலும் இந்தச் சட்டங்கள் எல்லாம் உண்டு. கைமாறும்போது குத்தும், இருட்டில் கீழே விழுந்தால் யார் காலிலாவது ஏறும் என்பதைத் தவிர இதில் பெரிய ரகசியம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அம்மாவோடு வாதாடி ஜெயித்து என்ன ஆகப்போகிறது? கொடுக்கும்போது அத்தையிடம் ஒரு ரூபாய் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விற்ற கணக்காகிவிடும்.

இப்போது பஞ்சு. வேண்டாம். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது, ஏனென்றால் நான் முதன்முதலில் செய்த ஊசி மெத்தையை என் நாத்தனாருக்குக் கொடுத்தேன், பழைய தலையணையைப் பிரித்து அதிலிருந்த இலவம் பஞ்சைத்தான் அடைத்திருந்தேன், பார்க்க அழகாகப் பூசணிப் பிஞ்சு மாதிரி இருந்தது, ஒரு வாரத்தில் அவர் குத்திய நாலு ஊசி உள்ளே போய்க் காணாமல் போய்விட்டது. தேடுகிறேன் என்று மெத்தையை அமுக்கியவருக்குக் கட்டைவிரலில் ரத்தம். இலவம் பஞ்சு தலைக்கு நல்லது, ஊசிக்கு ஆகாது. எடையே இல்லாததால் மெத்தை மேசையில் நிற்காது, குத்தினால் ஊசியோடு சேர்ந்து நகரும், கையில் பிடித்தால் ஊசி முழுதாக முங்கிவிடும். அடுத்த முறை புத்திசாலித்தனமாகத் தவிடு அடைத்தேன். எறும்பு வந்தது.

அந்தக் காலத்தில் மரத்தூளை இறுக்கி அடைத்தார்கள், செம்மறி ஆட்டு ரோமமும் அடைத்தார்கள். ரோமத்தில் இயற்கையாகவே ஒருவித மெழுகுப் பசை இருப்பதால் ஊசி சீக்கிரம் துருப்பிடிக்காது. இங்கிலாந்தில் விக்டோரியா காலத்துப் பெண்கள் சீப்பில் விழுந்த தலைமுடியைக்கூடச் சேர்த்து வைத்து அடைத்திருக்கிறார்கள். காரணம் அதேதான், எண்ணெய்ப் பசை. (நம் வீட்டில் யாராவது இப்படிச் செய்தால் பாட்டி மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்.) நீங்கள் பார்த்த தக்காளியின் கூடவே குட்டியாக ஒரு ஸ்ட்ராபெரி தொங்கியதா? அது அலங்காரம் இல்லை. அதற்குள் எமரித் தூள் இருக்கும், மழுங்கிய ஊசியையோ துருப்பிடித்த ஊசியையோ நாலைந்து தடவை அதில் குத்தி எடுத்தால் முனை சுத்தமாகிவிடும். கிரேக்கத்தின் நக்ஸோஸ் தீவில் நெடுங்காலமாகவே வெட்டி எடுக்கப்பட்ட கல் அது. அதிலிருக்கும் கடினமான பொருள் நம் குருந்தக்கல்தான், ஆங்கிலத்தில் அதற்குச் சொல்லும் 'கொரண்டம்' என்ற பெயரே தமிழ்க் 'குருந்த'த்தில் இருந்து போனது. இதை எழுதாமல் விட மனசு வரவில்லை.

சரி, ஆனால் உங்கள் அத்தைக்குத் தக்காளி தேவையா? முப்பது வருடமாகத் தைக்கிறவர் குண்டூசிக்கு ஒரு வழி செய்து வைத்திருப்பார். எனக்குத் தெரிந்த ஒரு டெய்லர் பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தை வைத்திருந்தார், கீழே சிந்திய குண்டூசியை எல்லாம் அது ஒரே இழுப்பில் பொறுக்கிவிடும். அதோடு எந்த மெத்தையும் போட்டி போட முடியாது. உங்கள் அத்தைக்குத் தொல்லை கையூசியில்தான் இருக்கும். எம்மிங் ஊசி, ஹூக் கட்டுகிற ஊசி, மணி கோக்கிற மெல்லிய ஊசி எல்லாம் ஒரே டப்பாவில் கிடக்கும், ஆபரேஷன் ஆன கண்ணுக்கு எது எது என்று தெரியாது. அதனால் ஊசிப் புத்தகம் தையுங்கள். உள்ளங்கை அளவில் துணி அட்டை, உள்ளே கம்பளியில் இரண்டு பக்கம், மூடப் பட்டன், அவ்வளவுதான்.

பக்கங்களுக்குப் பருத்தி வேண்டாம். ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் ஊசி துருவேறும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஃபெல்ட் பெரும்பாலும் செயற்கை நூல்தான், மோசமில்லை, ஆனால் நிஜக் கம்பளி கிடைத்தால் அதுதான் உசத்தி. வீட்டில் பழைய ஸ்வெட்டரோ சால்வையோ இருந்தால் ஒரு இழை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகிய வாடை அடித்துச் சாம்பலாக உதிர்ந்தால் கம்பளி. உருகி உருண்டையாகக் கெட்டிப்பட்டால் செயற்கை. கம்பளி என்றால் சோப்பு போட்ட சுடுதண்ணீரில் நன்றாகக் கசக்கித் தேயுங்கள், சுருங்கித் தடித்துவிடும், அதற்கப்புறம் வெட்டினாலும் ஓரம் பிரியாது, ஓரத்தில் தையலே வேண்டாம். ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் அரக்கு அல்லது கரும்பச்சை இருக்கட்டும். கறுப்பு நூல் கோக்கும்போது ஊசிக் காதுக்குப் பின்னால் வெள்ளைப் பக்கத்தைப் பிடித்தால் ஓட்டை பளிச்சென்று தெரியும், வெள்ளை நூலுக்கு அடர்ந்த பக்கம். அப்படியும் நூல் நுழையவில்லை என்றால் ஊசியைத் திருப்பிப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பல ஊசிகளில் காதின் ஒரு புறம் மற்றதைவிட வழவழப்பாக இருக்கும். அத்தைக்கு இது தெரிந்திருக்கும், நீங்கள் சொல்லி அவர் தலையாட்டுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறதே.

அளவு சொல்லிவிடுகிறேன். அட்டைக்கு 9 அங்குல நீளம், 5 அங்குல அகலத்தில் இரண்டு துணி. நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, ஒன்றின் முதுகில் காலருக்குப் போடும் கேன்வாஸ் ஒரு துண்டு வைத்து, சுற்றிலும் அரை அங்குலம் விட்டுத் தையுங்கள், இரண்டு அங்குலம் மட்டும் தைக்காமல் விடுங்கள். மூலைகளைக் கத்தரித்து, அந்த வாய் வழியாக வெளிப்பக்கம் திருப்பி, வாயை மூடினால் 8க்கு 4 கிடைக்கும். கம்பளி 7க்கு மூன்றரையில் இரண்டு. அட்டையின் நடுவில் அடுக்கி வைத்து நடுக்கோட்டில் பின்தையல் போடுங்கள், இரட்டை நூலில், நூலை மெழுகுவர்த்தியில் ஒரு தடவை இழுத்துக்கொண்டு. ஓட்டுத் தையல் இங்கே தாங்காது. பின்தையல் கஷ்டமில்லை, ஒரு தையல் முன்னே போய் அரைத் தையல் பின்னே வருவது, பத்து நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். பட்டன் பெரிதாக, கோட்டுப் பட்டன் மாதிரி. கயிறு கட்டி முடிச்சுப் போடுகிற வேலை வேண்டாம்.

வெல்வெட்டும் கல்லும் தயவுசெய்து வேண்டாம். கல்லில் நூல் மாட்டும், அவர் தினமும் திட்டுவார், அப்புறம் பத்திரமாக பீரோவுக்குள் போய்விடும். அத்தை தைத்துக் கொடுத்த உங்கள் பழைய பாவாடை எங்காவது இருந்தால் அதில் ஒரு துண்டு எடுங்கள், அவருக்கு அந்தத் துணி பார்த்ததுமே ஞாபகம் வரும், யார் துணி எது என்று தையல்காரர்கள் மறப்பதில்லை.

கோணல் தையலுக்கு வெட்கப்படுகிறீர்கள். ஒன்று மட்டும் நிச்சயம், எந்தத் தையல்காரர் கையில் எந்தத் துணியைக் கொடுத்தாலும் முதலில் உள்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பார், உங்கள் அத்தையும் பார்ப்பார். எனவே உழைப்பை அங்கே போடுங்கள், முடிச்சு இறுகியிருக்கட்டும், நூல் நுனி தொங்க வேண்டாம், மூலை சப்பையாக இல்லாமல் கூராக வரட்டும். மேலே தையல் ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று போனால் போகட்டும். நாத்தனாருக்கு நான் கொடுத்தது வெளியே பூசணி, உள்ளே பஞ்சு. அது இன்னும் ஷோகேஸில் இருக்கிறது, ஊசி இல்லாமல்.

உள்ளே ஊசி வைத்தே கொடுங்கள், ரூபாய்தான் வாங்கப் போகிறீர்களே. வெளிநாட்டுச் சரக்கைத் தேட வேண்டாம், ஊட்டிப் பக்கம் கேத்தியில் 1949இல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் செய்கிற போனி ஊசி போதும். எண் கூடக்கூட ஊசி மெலியும் என்பதால் கடையில் எண் பார்த்து வாங்குங்கள், எம்மிங்குக்கு 9 இருக்கட்டும், ஹூக்குக்கு அதைவிடத் தடிமனாக ஒன்று. பக்கத்தை நிரப்பிவிடாதீர்கள். அவரிடம் ஏற்கெனவே ஒரு ஊசி இருக்கும், வருடக்கணக்கில் விரலில் அழுந்தி லேசாக வளைந்தது, வேறு யார் எடுத்தாலும் கோபம் வருவது. அது எந்தப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது, வெள்ளையிலா அரக்கிலா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.