நாய்க்கு என்ன ஆகும்? பேய்ப்படம் பார்ப்பவர்களின் கேள்விகள்

திகில் படம் பிடிக்கும், ஆனால் அதில் விலங்கு அடிபடுவதை மட்டும் தாங்க முடியாது என்பவர்கள் கேட்டவை இவை. பதில்களில் சில படங்களின் கதை வெளியே வந்துவிடும். கேள்வியே அதுதான் என்பதால் தவிர்க்க வழியில்லை.

கே: மனுஷனை ரம்பத்தால் அறுத்தாலும் பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டு பார்க்கிறேன். நாய்க்கு ஒன்று என்றால் எழுந்து போய்விடுகிறேன். எனக்கு ஏதாவது கோளாறா?

இல்லை, உங்களை மாதிரி நிறையப் பேர் இருக்கிறார்கள். பேய் வீட்டை விலை பேசி வாங்கியது நாய் இல்லை. பூட்டிய நிலவறையை நடுராத்திரியில் திறந்து பார்க்கப் போனதும் அது இல்லை. இது இயக்குநர்களுக்கும் தெரியும். பேய் நிஜம்தான் என்று நம்மை நம்பவைக்க யாராவது சாக வேண்டும்; முதல் அரைமணி நேரத்தில் குடும்பத்தில் ஒருவரைக் கொன்றுவிட்டால் மீதிக் கதை ஓடாது. அதனால் பழி நாயின் தலையில் விழுகிறது. 'தி கான்ஜுரிங்' (2013) படத்தில் வீட்டுக்குள் வரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் நாய், மறுநாள் காலை வெளியே செத்துக் கிடக்கும்.

கே: அக்கா, 'எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை' என்று போடுகிறார்களே, அதை நம்பி உட்காரலாமா?

அது படப்பிடிப்பில் நடந்ததைப் பற்றிய வாக்கு. கதையில் நாய் செத்தாலும் அந்த வரி வரும். அமெரிக்காவில் 1939-ல் வந்த 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' படத்துக்காகக் குதிரையைச் செங்குத்தான பாறையிலிருந்து கீழே தள்ளினார்கள், குதிரை செத்தது. அந்தக் கோபத்துக்குப் பிறகுதான் அமெரிக்கன் ஹியூமேன் என்ற விலங்கு நல அமைப்பு படப்பிடிப்புகளைக் கண்காணிக்க ஆரம்பித்தது.

நம் நாட்டில் விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். 2018 வரை அந்த வாரியத்தின் தலைமையகம் திருவான்மியூரில் இருந்தது, இப்போது ஹரியானாவில். கிராபிக்ஸ் விலங்கு என்றால் திரை ஓரத்தில் 'சிஜிஐ' என்று போட்டுவிடுகிறார்கள். புலி பாயும்போது அந்த எழுத்தைப் பார்த்து எரிச்சல்படுபவர்கள் உண்டு. எனக்கு அது ஆறுதல்.

கே: நிஜமாகவே கொன்று எடுத்த திகில் படங்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. 1980-ல் வந்த இத்தாலியப் படம் 'கானிபல் ஹோலோகாஸ்ட்'. அதில் ஆமை, குரங்கு, பன்றி எல்லாம் கேமரா முன்னால் உண்மையிலேயே கொல்லப்பட்டன. விலங்குகளைக் கொடுமைப்படுத்தி எடுத்த காட்சியைத் திரையிடக் கூடாது என்று பிரிட்டனில் 1937-லேயே சட்டம் உண்டு. 2011-ல் கூட அந்தப் படத்தில் சில நொடிகளை வெட்டிவிட்டுத்தான் அங்கே அனுமதித்தார்கள். அதே 1980-ல் வந்த 'ஃப்ரைடே த தேர்ட்டீன்த்' படத்தில் அறைக்குள் வெட்டப்படும் பாம்பும் நிஜப் பாம்புதான். பிரபலமான படம், அப்படியெல்லாம் செய்திருக்க மாட்டார்கள் என்று நம்ப வேண்டாம்; பழைய படமாக இருந்தால் விசாரித்துவிட்டுப் பாருங்கள்.

கே: 'கூஜோ' பார்க்கலாமா? அந்த நாயைப் பார்த்தாலே பாவமாக இருக்கிறது.

கதையில் பாவம்தான், வெறி பிடித்த அந்த நாய் கடைசியில் பிழைக்காது. படப்பிடிப்பு வேறு கதை. பல செயின்ட் பெர்னார்ட் நாய்கள் நடித்தன. வாயில் வழியும் நுரை முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் கலந்தது. நாய்கள் அதை நக்கித் தின்றுகொண்டே இருந்தனவாம். இன்னொரு தொல்லை, ஆவேசமாகப் பாய வேண்டிய நேரத்தில் சந்தோஷமாக வாலாட்டின. வாலைக் கட்டிவைத்து எடுத்தார்கள். சில இடங்களில் பொம்மை நாய், சில இடங்களில் நாய் வேஷம் போட்ட ஆள்.

கே: படம் போடுமுன் தெரிந்துகொள்ள வழி?

'டஸ் த டாக் டை' என்ற தளத்தில் படத்தின் பெயரைத் தேடுங்கள். பார்த்தவர்களே ஆம், இல்லை என்று வாக்களித்திருப்பார்கள். வாக்கை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். கீழே உள்ள குறிப்புகளில்தான் விஷயம் இருக்கும். நம் தணிக்கைச் சான்றிதழில் வரும் 7+, 13+, 16+ எல்லாம் வயதுக் கணக்கு. நாயைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

கே: நண்பர்களை எச்சரித்தால் 'கதையைச் சொல்லிட்டியே' என்று திட்டுகிறார்கள். எப்படித்தான் சொல்வது?

யார் செய்தது, ஏன் என்பதை விட்டுவிடுங்கள். என்ன விலங்கு, காட்டுகிறார்களா, சத்தம் மட்டுமா, எவ்வளவு நேரம் என்பது போதும். இப்படிச் சொல்லலாம்: 'நாய் சாகும். சாவதைக் காட்டவில்லை, ஆனால் கத்தும் சத்தம் கேட்கும். அந்தப் பெண் டார்ச்சை எடுத்ததும் ஒலியைக் குறைத்துவிடு. அவள் திரும்பி வந்து கதவைச் சாத்தியதும் பார்க்கலாம்.' சத்தத்தைத்தான் பலர் சொல்ல மறக்கிறார்கள். கண்ணை மூடிக்கொள்பவருக்குக் காது திறந்துதானே இருக்கிறது? அப்புறம், நிமிடக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். ஓடிடி பதிப்பில் வெட்டு இருந்தால் கணக்கு தப்பும். முன்னால் வரும் காட்சியை அடையாளமாகச் சொல்வது மேல்.

கே: 'ஏலியன்' படத்தில் பூனை இருக்கிறதாமே. ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், பிழைக்குமா?

பிழைக்கும். கப்பலில் இருக்கும் மற்றவர்களுக்கு நான் பொறுப்பில்லை.