டைட்டானியமா, ஸ்டீலா? முதலில் தோல் எங்கே சிவந்திருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி: ஏழு வருடமாக ஒரே ஸ்டீல் செயின் வாட்சைத்தான் தினமும் கட்டுகிறேன். நாள் முழுக்க லேப்டாப் வேலை. சாயங்காலமானால் மணிக்கட்டு கனக்கிறது. கழற்றிப் பார்த்தால் தோல் சிவந்து அரிக்கிறது. டைட்டானியத்துக்கு மாறலாமா? அதில் சீக்கிரம் கீறல் விழும் என்கிறார்களே?

பதில்: மாறலாம். ஆனால் காசைக் கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். இன்று வாட்சைக் கழற்றியதும் சிவப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். செயின் படும் வழி முழுக்க நமைச்சல் என்றால் முதல் சந்தேகம் அழுக்கின் மேல்தான். செயினைத் தனியே கழற்றி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் கண்ணிகளுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒரு கூழ் வரும். வியர்வை, இறந்த தோல், சோப்பு, தூசி எல்லாம் சேர்ந்தது அது. அதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு நடந்தால் எந்த உலோகமாக இருந்தாலும் அரிக்கத்தான் செய்யும். இதைச் சரிசெய்த பிறகு வாட்சை மாற்றும் எண்ணத்தையே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பின் மூடியின் வட்டமோ கொக்கியின் வடிவமோ அச்சடித்தாற்போல் தோலில் பதிந்து தடித்திருந்தால் விஷயம் வேறு. வாட்ச்களில் வழக்கமாக வரும் 316எல் ஸ்டீலில் 10 முதல் 14 சதவீதம் நிக்கல் உண்டு. அது உலோகத்துக்குள் கட்டுண்டு கிடப்பதால் மிகக் குறைவாகவே வெளியேறும். பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்யாது. ஆனால் கவரிங் நகையோ ஜீன்ஸ் பொத்தானோ பட்டாலே தோல் தடிக்கும் ஆள் நீங்கள் என்றால், தோல் மருத்துவரிடம் ஒவ்வாமைச் சோதனை செய்துகொள்ளுங்கள். நிக்கல்தான் காரணம் என்று தெரிந்துவிட்டால் டைட்டானியம் நல்ல தீர்வு. அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது: முகப்பில் டைட்டானியம் என்று போட்டிருக்கும், வாட்சைத் திருப்பினால் பின் மூடி மட்டும் ஸ்டீல் என்று பொடி எழுத்தில் இருக்கும். தோலில் நாள் முழுக்க ஒட்டியிருப்பது அந்த மூடிதான். கொக்கியின் உட்புறத்தையும் பார்த்து வாங்குங்கள்.

சரி, கனம். ஒரு கன சென்டிமீட்டர் ஸ்டீல் ஏறத்தாழ 8 கிராம், டைட்டானியம் 4.5 கிராம். அதற்காக வாட்சின் எடை பாதியாகிவிடாது. உள்ளே ஓடும் இயந்திரமும் மேலே இருக்கும் கண்ணாடியும் மாறப்போவதில்லையே. 160 கிராம் வாட்சில் இயந்திரத்தை மூடியிருக்கும் உலோகக் கூடு, செயின் இரண்டும் சேர்ந்து 120 கிராம் என்று வையுங்கள். அதே அளவில் டைட்டானியத்தில் செய்தால் அந்த 120 சுமார் 68 ஆகும், மொத்தம் 108 கிராம். இந்த ஐம்பது கிராம் காலையில் தெரியாது, சாயங்காலம் நன்றாகவே தெரியும். குளிர்ந்த காலை வேளையில் கட்டும்போது டைட்டானியம் ஸ்டீல் அளவுக்குச் சில்லென்று இருக்காததும் ஒரு சுகம்.

ஆனால் கனம் என்று நாம் நினைப்பதில் பாதி, அளவு சரியில்லாததால் வருவது. செயின் தளர்வாக இருந்தால் வாட்சின் தலை மணிக்கட்டு எலும்பின் மேல் சரிந்து விழுந்து இடித்துக்கொண்டே இருக்கும். வெயில் ஏற ஏற மணிக்கட்டும் சற்று உப்பும். அதனால் உலோகம் எதுவானாலும், கொக்கியிலேயே சில மில்லிமீட்டர் கூட்டிக் குறைக்க வழியுள்ள செயினாகப் பார்த்து வாங்குங்கள்.

இனி கீறல். கீறல் சீக்கிரம் விழும் என்பது எந்த டைட்டானியம் என்பதைப் பொறுத்தது. கிரேடு 2 என்பது கிட்டத்தட்டச் சுத்த டைட்டானியம். கடினத்தில் 316எல் ஸ்டீலோடு ஒப்பிடத்தக்கது, ஆனால் உரசினால் சட்டென இழுபட்டுத் தடம் காட்டும். கிரேடு 5-இல் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்திருக்கும். அது கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவில் 350-ஐ ஒட்டி வரும். 316எல் 200-க்குள்தான் நிற்கும். சிட்டிசன் 1970-இல் உலகின் முதல் டைட்டானியம் வாட்சைக் கொண்டுவந்தது; இன்று அதே நிறுவனம் உட்படச் சிலர் மேற்பரப்பை 1000 விக்கர்ஸுக்கு மேல் கடினப்படுத்தி விற்கிறார்கள். தினசரி உரசலை அது நன்றாகவே தாங்கும். பலமாக ஓரிடத்தில் மோதினால் மட்டும், கெட்டியான ஓட்டுக்கு அடியில் மென்மையான உலோகம் பள்ளம் விழுந்துவிடும். அந்தப் பள்ளத்தைப் பாலிஷ் போட்டு எடுக்க முடியாது.

உங்கள் கொக்கியில் இப்போது இருக்கும் கீறல்களுக்குக் காரணம் அநேகமாக உங்கள் லேப்டாப்தான். பல லேப்டாப்களின் அலுமினிய உடம்பின் மேல் அலுமினியம் ஆக்ஸைடு பூச்சு இருக்கும். அது ஸ்டீலை விடக் கடினம். மேசையில் கிடக்கும் மணல் துகள் அதைவிட மோசம். ஸ்டீல், கிரேடு 5 இரண்டையுமே கீறிவிடும்.

பழுது பார்ப்பவன் என்ற முறையில் எனக்கு ஸ்டீல்தான் பிடிக்கும், சொந்தச் சோம்பேறித்தனம் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஸ்டீலைப் பாலிஷ் போட்டால் புதிதுபோல் ஆகும். டைட்டானியம் சூடேறும், சக்கரத்தில் ஒட்டும், அதன் தூள் தீப்பிடிக்கவும் கூடும். எல்லாப் பட்டறையிலும் எடுத்துச் செய்யமாட்டார்கள். டைட்டானியத்தோடு டைட்டானியம் உரசும் மரையும் சிலசமயம் கடித்துக்கொண்டு இறுகிவிடும். நேரத்தை மாற்றும் சாவி திருகி மூடும் வகையாக இருந்தால், அது நேராக உட்கார்ந்ததா என்று பார்த்து மெதுவாகத் திருகுங்கள். வியர்வை உப்பைத் தாங்குவதில் மட்டும் ஸ்டீல் தோற்றுவிடுகிறது. பின் மூடியைத் திறந்தால், ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தில் ஊசி குத்தியதுபோல் அரித்த புள்ளிகளை ஸ்டீலில்தான் பார்க்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்வது இது. முதலில் செயினைக் கழுவி, அளவைச் சரிசெய்து இரண்டு வாரம் கட்டிப் பாருங்கள். அப்புறமும் கனமாகத் தெரிந்தால் கிரேடு 5 அல்லது கடினப்படுத்திய டைட்டானியம், கோடு கோடாகத் தேய்த்த மேற்பரப்பு உள்ளதாக வாங்குங்கள். அதில் சின்னக் கீறல்கள் கலந்துபோகும். எந்தக் கிரேடு என்று விற்பவருக்கே தெரியவில்லை என்றால் கிரேடு 2 என்று வைத்துக்கொண்டு விலையைப் பேசுங்கள். கண்ணாடிபோல் பளபளக்கும் வெள்ளை நிறம்தான் வேண்டும் என்றால் ஸ்டீலோடு இருந்துவிடுங்கள்; டைட்டானியத்தின் லேசான சாம்பல் உங்களுக்கு நாள்பட்டாலும் பிடிக்காது.

பழைய வாட்ச் பேட்டரியில் ஓடுவது என்றால், பெட்டியில் போட்டு மூடும் முன் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். தீர்ந்த பேட்டரி உள்ளேயே கிடந்தால் கசிந்து இயந்திரத்தைத் தின்றுவிடும்.